தந்தி சேர்ந்ததா?

கிளீவ்லாந்து நூலகத்தில் எடெல்கா வந்து உட்கார்ந்தது ஒரு கிழவரைப் பொய்யர் என்று நிரூபிக்கத்தான். எண்பது வயதில் அப்படியொரு வீம்பு.

ஹங்கேரியில் ஆட்சி மாறி, கடிதங்கள் தாராளமாக வரத் தொடங்கிய பிறகு, வெண்டெல் என்ற எண்பத்தாறு வயதுக்காரர் அவளுடைய தேவாலயத்தின் முகவரிக்கு எழுதியிருந்தார். நான் உன் அண்ணன். நம் அப்பா மெனிஹெர்ட் அமெரிக்காவுக்குப் போனபோது என் அம்மாவையும் என்னையும் ஊரில் விட்டுப்போனார். ஒரு வருடமாகக் கடிதமே இல்லாமல் போகவும், 1913 ஏப்ரலில் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு கப்பலேறிவிட்டாள். எனக்கு ஆறு வயது. கப்பலில் வருகிறவர்களை விசாரித்து உள்ளே விடும் நியூயார்க் தீவில் ஆறு நாள் காத்திருந்தோம். கூட்டிப்போக அப்பா வரவில்லை, ஆள் வராததால் எங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவருக்கு அடித்த தந்தி போய்ச் சேரவில்லை என்று அம்மா சாகும்வரை சொன்னாள். அந்தக் கப்பல் தாள்கள் எல்லாம் உன் நாட்டில்தான் இருக்கின்றன. சேர்ந்ததா என்று மட்டும் பார்த்துச் சொல்.

எடெல்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுடைய அப்பா மனைவியைப் பறிகொடுத்துவிட்டு, பிள்ளைகுட்டி இல்லாமல், தனிக்கட்டையாக வந்தவர். அப்படிச் சொல்லித்தான் அவளுடைய அம்மாவைக் கட்டினார். இரும்பாலையிலிருந்து வந்ததும் முகம்கூடக் கழுவாமல் மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு பக்கை ரோடு முழுக்க நடப்பார். அந்த மனிதரைப் போய் இப்படி எழுத எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்!

பழைய கப்பல் பட்டியல்களைத் தேடித் தரும் கிசெல்லா அவளுடைய தேவாலயத்துக்காரிதான். நாக்கு கொஞ்சம் நீளம். தேடி வருகிறவர்கள் எல்லோருக்கும் பிரபு வம்சம் வேண்டியிருக்கிறது, கப்பலில் வந்தவனெல்லாம் பண்ணைக் கூலியாக இருக்கிறானே என்று சலித்துக்கொள்வாள்.

"உனக்கு யாரு வேணும்? பிரபுவா, இளவரசனா?"

"யாருமே இருக்கக் கூடாது. அதைக் காட்டு, போதும்."

இருந்தார்கள். பிலிம் சுருளை இரண்டு மணி நேரம் ஓட்டியதும் திரையில் வந்து நின்றார்கள். போர்பாலா, வயது இருபத்தெட்டு. வெண்டெல், ஆறு. யாரிடம் போகிறீர்கள் என்ற கட்டத்தில், கணவர் மெனிஹெர்ட், கிளீவ்லாந்து. பக்கத்தில் வீட்டு எண்ணும் தெருவும். எடெல்கா பிறந்த வீடு அது.

கணவர் என்று யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம் என்றாள் எடெல்கா. கிசெல்லா வாதாடவில்லை. பெயருக்கு இடப்பக்கம் இருந்த சின்னப் பெருக்கல் குறியைத் தொட்டுக் காட்டினாள். அந்தக் குறி இருந்தால் அவர்களைத் தீவில் நிறுத்திவைத்தார்கள் என்று அர்த்தம். அப்படி நின்றவர்களுக்குத் தனிப் பட்டியல் உண்டு, அந்தக் கப்பலுக்குரிய கடைசித் தாள்களில். முன்னோர் பெயரைக் கண்ட சந்தோஷத்தில் பெரும்பாலோர் அதுவரை போகாமலே எழுந்துவிடுவார்கள்.

"பாக்கணுமா? வேண்டாம்னா சுருட்டி உள்ள வச்சிடுறேன்," என்றாள் கிசெல்லா. இந்த முறை அவள் குரலில் கேலி இல்லை.

"ஓட்டு."

தாயும் மகனும். கணவருக்குத் தந்தி அடிக்கப்பட்டது. தீவில் சாப்பிட்ட வேளைகள்: காலை ஆறு, மதியம் ஆறு, இரவு ஆறு. திருப்பி அனுப்பப்பட்டனர். ஓரத்தில் யாரோ ஒரு குமாஸ்தா பொடி எழுத்தில் குறித்திருந்தான்: கணவரிடமிருந்து பதில் வந்தது, இப்படி யாரையும் தெரியாதாம்.

எடெல்கா தேதியைப் பார்த்தாள். அன்று அவளுக்கு வயது மூன்று வாரம். இதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அப்பாவின் ஒரு கையில் தந்தி, இன்னொரு கையில் அவள். அவர் அவளை வைத்துக்கொண்டார். அத்தனை வருடம் அவள் ஏறி உட்கார்ந்திருந்த தோள் முதலில் அந்தப் பையனுடையது. அப்பாவை வெறுக்கப் பார்த்தாள், முடியவில்லை. முடியவில்லையே என்றுதான் அங்கேயே உட்கார்ந்து விம்மி விம்மி அழுதாள்.

கிசெல்லா அவள் கோட்டை எடுத்துப் போர்த்திவிட்டாள். "சேரலைன்னு சொல்லிடு. எண்பத்தாறு வயசுல உண்மை தெரிஞ்சு அவர் என்ன பண்ணப்போறார்?"

எடெல்காவும் அதையே முடிவு செய்திருந்தாள். அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும், வெண்டெலின் கிராமத்துப் பாதிரியார் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தாள். வெண்டெல் அங்கே வந்து காத்திருந்தார். முழங்கால் வலியைப் பற்றியும், இந்த வருடம் பிளம்ஸ் சரியாகக் காய்க்கவில்லை என்றும் பேசினார். அவளுடைய ஹங்கேரியப் பேச்சு அந்தக் காலத்து ஆட்கள் பேசுகிற மாதிரியே இருக்கிறது என்று சிரித்தார். பிறகுதான் கேட்டார்.

"தங்கச்சி, தந்தி சேர்ந்துச்சா?"

வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாக்கியம். இப்போது வர மறுத்தது. அவர் மறுபடி கேட்கவில்லை, பொறுத்திருந்தார்.

"இல்லண்ணா. சேரவே இல்ல. நீங்க வந்ததே அப்பாவுக்குத் தெரியாது."

அவள் விசும்பியது அவருக்குக் கேட்டிருக்க வேண்டும், மெல்லப் பேசினார்.

"சரிம்மா, அழாத. நான் கேக்குறப்பல்லாம் எங்கம்மாவும் இப்படித்தான், ரொம்ப நேரம் சும்மா இருந்துட்டு அப்புறமாத்தான் சேரலைன்னு சொல்லுவா."