எண்பதில் ஒரு தடவை

விஜயசங்கர் ஐஸ் பெட்டியின் மேல் மூன்றாவது முறையாக விழுந்து, "அப்பா, என் கையால ஒரு வாய் தண்ணி குடுக்க முடியலையேப்பா" என்று கதறியபோது, அவன் மனைவி ஸ்ரீவித்யா வாசலைப் பார்த்தாள். ஸ்பீக்கர் கடை கிதிர் முகம்மது நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் ரோஜா மாலை, இன்னொரு கையில் மருந்துக்கடைப் பை.

பையைப் பார்த்ததும் எழுந்து போனாள்.

"தங்கச்சி, அண்ணாச்சி நேத்து கடையில மறந்து வச்சிட்டாவ" என்றார் அவர், தணிந்த குரலில். "எனக்கு வீட்டு நெலம தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா அவுக வண்டியில ஏறியிருக்கவே மாட்டேன்."

"உங்களச் சொல்லி என்ன பாய்? நீங்க திருப்பத்தான் சொன்னிய. எனக்குக் கேட்டுச்சு."

அவர் முகம் வெளிறிவிட்டது. மாலையைப் பெட்டியின் மேல் வைத்தார். விஜயசங்கர் பக்கமே திரும்பாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

பைக்குள் ஆவி பிடிக்கிற மருந்து ஆறு டப்பாவும் பெரியவர்களுக்கான டயப்பர் ஒரு கட்டும் இருந்தன. கொண்டுபோய் ஃப்ரிட்ஜின் மேல், எல்லார் கண்ணிலும் படும்படி வைத்தாள். ஒருவரும் என்னவென்று கேட்கவில்லை. சாவு வீட்டில் மருந்துப் பையை யார் பார்க்கிறார்கள்?

பெட்டிக்குள் கிடந்தவர் பால்வண்ணநாதன், அவளுடைய மாமனார். முப்பத்தோரு வருஷம் அரசு பஸ் ஓட்டியவர். அத்தனை வருஷப் புகையும் உள்ளேயே தங்கிவிட்டதோ என்னவோ, நுரையீரல் சுருங்கிப்போய் மூன்று வாரமாகக் கட்டிலோடு கிடந்தார். திருநெல்வேலி டாக்டர், வீட்டுக்கே கூட்டிப்போய் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். மாமியார் போய்ச் சேர்ந்து எட்டு வருஷம் ஆகிறது. சளி துடைத்ததும் மலம் அள்ளியதும் ஸ்ரீவித்யாதான். அதில் ஒருநாளும் அவளுக்கு அருவருப்பு வந்ததில்லை. வந்ததெல்லாம் அந்த மூன்று வாரமும் அவள் புருஷன் பைக்குக்கு ஸ்பீக்கர் தேடிய தேட்டத்தில்தான்.

சாப்பிடும்போது வீடியோ, படுக்கும்போது வீடியோ. ஒரு ஜோடியை வாங்கி ஹேண்டில்பாரில் மாட்டுவான். இரண்டு நாளில் கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வேறு ஜோடியோடு வருவான். "நிக்கும்போது அருமையா பாடுது. அம்பதத் தாண்டுனா காத்துல பாஸ் சத்தம் செத்துருது. குரலு தகரத்துல தட்டுன மாதிரி வருது" என்று, மூச்சுக்குத் தவிக்கிற அப்பாவின் கட்டிலில் சாய்ந்துகொண்டே சொல்வான். அவரும் ஆக்சிஜன் மாஸ்க்குக்குள்ளிருந்து தலையாட்டுவார். வண்டிப் பேச்சு என்பதால் அவருக்கு அது பிடித்துக்கூட இருக்கலாம். அவளுக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

நேற்று செவ்வாய்க்கிழமை காலையில் மருந்து வாங்கத் தென்காசிக்குப் போனான். மேலகரத்திலிருந்து பத்து நிமிஷத் தூரம். ஒரு மணி நேரம் ஆகியும் ஆளைக் காணவில்லை. அப்போது குற்றாலம் ரோட்டில், அவர்கள் தெருமுனையைத் தாண்டி ஒரு பாட்டு போனது. பாட்டுக்கு அடியில் ஒரு பைக்கின் சத்தம். கட்டிலில் கிடந்தவர் கண்ணைத் திறந்தார்.

"சங்கரு வண்டி" என்றார்.

அவள் வாசலுக்கு ஓடினாள். தெருவில் யாரும் இல்லை. பாட்டு குற்றாலம் பக்கமாகத் தேய்ந்துகொண்டே போயிற்று. திரும்பி வந்தபோது மாமாவின் மூச்சு வேறு மாதிரி இழுக்க ஆரம்பித்திருந்தது. போன் போட்டாள். அப்பாவும் மகனும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு அவர் காதுக்குப் பக்கத்தில் பிடித்தாள். இரண்டு தடவை அடித்ததும் அந்தப் பக்கம் தானாகவே எடுத்துக்கொண்டது. வண்டி ஓட்டும்போது கையை எடுக்கவே வேண்டாம், பேசுவது ஸ்பீக்கரிலேயே வரும் என்று அவன் முந்தின நாள் பெருமையடித்திருந்தான்.

"எங்க இருக்கிய? மாமாவுக்கு மூச்சு இழுக்குது. உங்களத்தான் தேடுதாவ. சீக்கிரம் வாங்க."

காற்றுச் சத்தம் வந்தது. அப்புறம் அவன் குரல். அவளிடம் அல்ல, பின்னால் உட்கார்ந்திருந்த ஆளிடம்.

"பாய், கேட்டீரா? அறுவதுல போறோம். பொம்பள குரலு எப்படி மணி மாதிரி கேக்குது பாரும்!"

"அண்ணாச்சி, வீட்டுல கூப்பிடுதாவ. வண்டியத் திருப்பும்."

"அது தெனமும் உள்ளதுதான் பாய். எம்பதுல ஒரு தடவ பாத்துட்டுப் போயிருவோம்."

மாமா முழுசாகக் கேட்டார். போனை இழுத்துக்கொள்ள வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. அவர் ஒரு விரலால் மாஸ்க்கை நகர்த்தினார்.

"மெதுவா வரச் சொல்லு தாயி."

அவ்வளவுதான். எண்பதில் அந்தப் பாட்டு மறுபடியும் தெருமுனையைக் கடந்து தென்காசிப் பக்கம் போனது. அது ஓயும்போது, இறங்கிய நெஞ்சு திரும்ப ஏறவில்லை. அவன் இருபது நிமிஷம் கழித்து வந்தான். ஸ்பீக்கரோடு வந்தான், மருந்து இல்லாமல் வந்தான்.

இன்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்: "சீசன் கூட்டம் அத்தை. காருக்குப் பின்னால காரு. வண்டிய நகத்த முடியல."

சாரலே விழாத செவ்வாய்க்கிழமை. குற்றாலம் ரோட்டின் நடுவில் நாய் படுத்துத் தூங்கியிருக்கும். ஆனால் மாமனாரின் தங்கை பேராச்சி அவன் தலையைத் தடவி, "குடுத்து வைக்கல ராசா, நீ என்ன செய்வ?" என்றாள். காலையில்தான் மெட்ராஸிலிருந்து வந்திறங்கிய அவன் தங்கை உமாதேவி அவன் தோளில் சாய்ந்து அழுதாள். ஒரு பொய்யை எத்தனை கைகள் தடவிக் கொடுக்கின்றன என்று ஸ்ரீவித்யா பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அழுகை நடிப்பாக இருந்திருந்தால்கூடத் தேவலை. மூக்கு ஒழுக, நிஜமாகவே அழுதான். அப்படி அழுதுகொண்டே அப்படிப் பொய் சொல்லவும் முடிகிறதே என்பதுதான் அவளுக்கு அசிங்கமாக இருந்தது.

பேராச்சி இந்தப் பக்கம் திரும்பினாள். "ஏட்டி வித்யா, நீதான பக்கத்துல இருந்த? அண்ணன் கடைசியா என்ன சொன்னாவ?"

கூடத்தில் இருந்தவர்கள் அவள் பக்கம் திரும்பினார்கள். விஜயசங்கரும் நிமிர்ந்து பார்த்தான்.

நாலு சொல். சொன்னால் பிடித்துக்கொள்வான். சாகும்போதும் எங்கப்பாவுக்கு என் நினைப்புதான் என்று பதினாறாம் நாளிலும், அடுத்து வருகிற ஒவ்வொரு கல்யாணத்திலும் சொல்லிச் சொல்லியே நேற்றைய காலையை வழித்துத் துடைத்துவிடுவான். அந்தச் சொல்லைப் பெரியவர் கொடுத்தது அவனுக்குத்தான், தான் எடுத்து வைத்துக்கொள்வது திருட்டு என்பதும் அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் வாய் வரவில்லை.

"மாஸ்க் போட்டிருந்துச்சு சித்தி. ஒண்ணும் வெளங்கல" என்றாள்.

மதியம் எடுத்துவிட்டார்கள். பெண்கள் வீட்டைக் கழுவி விட்டார்கள். சாயங்காலம் மொட்டைத் தலையும் ஈர வேட்டியுமாகச் சுடுகாட்டிலிருந்து திரும்பியவன், நேராக அடுக்களைக்கு வந்தான்.

"எங்கிட்டயாவது சொல்லு வித்யா. அப்பா என்னத் தேடுனாவளா?"

ஃப்ரிட்ஜின் மேலிருந்த பையை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். "பாய் கொண்டாந்து குடுத்தாரு."

அவன் பையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"போனு மாமா காதுலதான் இருந்துச்சு" என்றாள். "நீங்க பேசுனது அவுகளுக்கும் மணி மாதிரி கேட்டுச்சு."

விஜயசங்கர் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு அப்படியே குத்தவைத்து உட்கார்ந்தான். டயப்பர் கட்டு மடியில் சரிந்தது. புதிதாக மழித்த தலையில் ஓரிடத்தில் கத்தி பட்டு ரத்தம் காய்ந்திருந்தது. அந்தத் தலையைப் பார்த்ததும் அவளுக்கு மனசு ஒரு பக்கம் இளகியது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"அந்த பாய்தான் வித்யா, இன்னொரு ரவுண்டு போலாம்னு…"

"பாய் திருப்பச் சொன்னாரு. அதுவும் கேட்டுச்சு."

குழாயிலிருந்து பாத்திரத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் தரையைப் பார்த்தபடி கேட்டான். "அதக் கேட்டுட்டு அப்பா என்ன சொன்னாவ?"

"ஒண்ணும் சொல்லல."

குழாயை இறுக்கி மூடிவிட்டு வெளியே வந்தாள்.

மறுநாள் விடிந்ததும் காடாத்து. சுடுகாட்டில் எலும்பு பொறுக்கிப் பாலூற்றி, கலயத்தைக் குற்றாலத்துக்குக் கொண்டுபோய் ஆற்றில் கரைக்க வேண்டும். அவள் எழுந்து வந்தபோது விஜயசங்கர் ஸ்க்ரூ டிரைவரை வைத்துக்கொண்டு வண்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். ஒரு ஸ்பீக்கர்கூடக் கழலவில்லை. எண்பதில் போனாலும் ஆடக் கூடாது என்று அவ்வளவு இறுக்கமாக முடுக்கச் சொல்லியிருந்தான் போலும். கடைசியில் இரண்டின் மேலும் துண்டைப் போட்டுச் சுற்றிக் கட்டினான்.

உமாதேவியின் வீட்டுக்காரர் நமசிவாயம், புதுக் கலயத்தையும் பால் செம்பையும் தேங்காயையும் மடியில் அணைத்துக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தார். விஜயசங்கர் சாவியைத் திருப்பினான். துண்டுக்குள்ளிருந்து 'டிடிங்' என்று ஒரு சத்தம். அடுத்த நொடி பாட்டு, செவ்வாய்க்கிழமை விட்ட இடத்திலிருந்து, கணீரென்று கிளம்பியது. அவன் துண்டுக்குள் இரண்டு கையையும் விட்டு எதையெதையோ அமுக்கினான். எதிர்வீட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். நமசிவாயம் தேங்காயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்ரீவித்யாவுக்கு உடம்பெல்லாம் கூசியது.

ஒருவழியாகப் பாட்டு நின்றது. அவமானத்தில் முகம் கறுத்துப்போய், அந்த இடத்தை விட்டுத் தப்பித்தால் போதும் என்று ஆக்சிலேட்டரை முறுக்கினான். வண்டி உறுமியது.

"மெதுவா போங்க."

அவள் வாயிலிருந்துதான் விழுந்தது. விழுந்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

விஜயசங்கர் திரும்பிப் பார்த்தான். யார் சொன்ன சொல் என்று அவனுக்குத் தெரியாது. "சரி" என்று தலையாட்டினான்.

அவள் உள்ளே போகாமல் நின்றாள். தெருமுனை வரைக்கும் வண்டி இரண்டாவது கியரிலேயே போவது கேட்டது.