பதினொரு கேட்டாச்சு

2018 அக்டோபர் 20, சனிக்கிழமை, காலை பத்து மணிக்கு, நார்வேயின் மேற்குக் கரையில் உள்ள ஸ்குர்வோய் தீவில், தொண்டர் தீயணைப்புப் படையினர் பதினொரு பேருடைய கைப்பேசிகளும் அவர்கள் தலைவியின் கைப்பேசியும் ஒரு நீல நிற மீன் வாளியில் போடப்பட்டன.

வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் ஹால்கெய்ர் மொல்து. அக்கரையில் இருக்கும் வட்டார அலுவலகத்திலிருந்து காலை ஃபெர்ரியில் வந்தவர். புயலில் கைப்பேசிக் கோபுரங்கள் எல்லாம் செத்துப்போய்விட்டன, அவசரப் படைகளுக்கென்று தனியாக இருக்கும் டிஜிட்டல் வயர்லெஸ் மட்டும் உயிரோடு இருக்கிறது என்று வைத்துக்கொண்டு நடக்கும் ஒத்திகை அது. செத்துப்போன கைப்பேசிக்குச் சட்டைப்பையில் என்ன வேலை என்பது அவர் கட்சி.

படைத்தலைவி குன்வோர் தன்னுடையதைக் கடைசியாகப் போட்டாள். வார நாட்களில் மீன் தொழிற்சாலையில் சால்மன் பெட்டிகளுக்கு ஐஸ் கொட்டுகிறவள். தீவின் ஒரே தீயணைப்பு வண்டி தீவில் தங்குமா, போகுமா என்பது மதியத்துக்குள் தெரிந்துவிடும்.

வண்டியின் கூரையில் ஒரு கேமரா புதிதாக முளைத்திருந்தது. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஒரு பெட்டி. பொத்தானை அமுக்கினால் கேமரா ஒரு படம் எடுக்கும். பெட்டி அதை வயர்லெஸ் வழியாகவே அக்கரைக் கன்ட்ரோல் ரூமுக்கு அனுப்பும். இரண்டு நிமிடத்துக்குள் படம் போய்ச் சேர வேண்டும். மூன்று வாய்ப்பு. மூன்றும் தவறினால் வண்டி அக்கரை நிலையத்துக்கு மாற்றப்படும்.

"படம் அனுப்ப முடியாத எடத்துல வண்டிய வெச்சிருக்கக் கூடாதுங்கறது புது விதி, குன்வோர். நான் போட்டது இல்ல" என்றார் ஹால்கெய்ர்.

"நீங்க போடலைன்னா வேற யாரு?"

"நான் டைப் பண்ணேன். அவ்ளோதான்."

அக்கரைக்கு ஃபெர்ரியில் நாற்பது நிமிடம். குளிர்காலத்தில் காற்று கொஞ்சம் முறைத்தால் ஃபெர்ரியே இல்லை. இரண்டு வருடங்களுக்கு முன் ஊட்பியோர்னின் ஆட்டுக் கொட்டகை பற்றியபோது வண்டி ஏழே நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. அறுபத்து மூன்று ஆடுகளும் பிழைத்தன. ஊட்பியோர்ன் தீவின் பேருந்தை ஓட்டுகிறவன். அந்தக் கதையை ஒவ்வொரு பயணிக்கும் ஒரு முறையாவது சொல்லியிருப்பான். சிலர் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்துவிடுவார்கள்.

பதினொரு பேரும் கையில் ஆளுக்கொரு வயர்லெஸ்ஸோடு அவரவர் இடத்துக்குப் போனார்கள். ஒருவர் தண்ணீர்க் குழாயடியில், ஒருவர் சாலை வளைவில், ஊட்பியோர்ன் ஃபெர்ரித் துறையில், இரண்டு பேர் குன்றின் உச்சியில். துறைமுகத் தளத்தில் ஓர் இரும்புப் பீப்பாய்க்குள் பழைய பலகைகளைப் போட்டுக் கொளுத்தியிருந்தார்கள். புகை நன்றாகவே வந்தது.

ஸ்குர்வோய்க்காரர்களின் ஒரு வழக்கத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். நான்கு வருடங்களுக்கு முன்பு வரை அவர்களிடம் இருந்தது பழைய வயர்லெஸ். நடுவில் இருக்கும் குன்று குரல்களை விழுங்கிவிடும். அதனால் அப்போதைய தலைவர் ஒரு முறையைக் கொண்டுவந்தார். யார் எதைச் சொன்னாலும், ஒன்று முதல் பதினொன்று வரை எல்லோரும் வரிசையாகத் தங்கள் எண்ணைச் சொல்லி "கேட்டாச்சு" என்று சொல்ல வேண்டும். ஒரு எண் விடுபட்டால் யாராவது சைக்கிளை எடுத்துக்கொண்டு குன்றுக்குப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். பிறகு டிஜிட்டல் வந்தது. பக்கத்து நாற்காலியிலிருந்து பேசுவது போலக் குரல் கேட்டது. முறைக்கு இனி வேலை இல்லை. ஆனால் அதை யாரும் வழியனுப்பி வைக்கவில்லை. போதாததற்கு ஒவ்வொருவரும் கொஞ்சம் சொந்தச் சரக்கையும் சேர்த்துக்கொண்டார்கள். நான்காம் எண்ணான மாங்னே காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று சொல்வான். ஏழாம் எண் ஓஸ்தா கடைக்காரி; யாராவது வரிசையில் விடுபட்டால் விட மாட்டாள். ஒன்பதாம் எண் ஊட்பியோர்ன். அவனுக்கு எப்போதும் ஒரு கேள்வி இருக்கும்.

குன்வோர் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தாள். பக்கத்தில் ஹால்கெய்ர், ஒரு கையில் நிறுத்துக் கடிகாரம், மறு கையில் படிவம்.

பொத்தானை அமுக்கினாள். திரையில் எண்கள் ஏறின. பத்து சதவீதம், முப்பது, ஐம்பத்தைந்து, அறுபத்து நான்கு.

"குன்வோர், ஒம்பது பேசறேன். படம் போகுதா? ஓவர்."

அறுபத்து நான்கு அப்படியே நின்றது.

"என்னாச்சு?" என்றாள் குன்வோர்.

"இந்தப் பெட்டிக்கு ஒரே காது. யாராவது பேசினா டேட்டாவ ஓரமா வெச்சுட்டுப் பேச்சக் கேக்கும். மனுஷக் குரலுக்குத்தான் மொதல் மரியாத."

"பேசி முடிச்சதும் விட்ட எடத்துலேர்ந்து போகுமா?"

"சட்டுனு முடிச்சா போகும். இழுத்துட்டே இருந்தா மறுபடி ஒண்ணுலேர்ந்து."

ஊட்பியோர்ன் கேட்டது எல்லோருக்கும் கேட்டிருந்தது. ஆகவே எல்லோரும் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

"ஒண்ணு. கேட்டாச்சு."

"ரெண்டு. கேட்டாச்சு. எனக்கும் அதே சந்தேகம்தான்."

பதினொன்றாம் எண் முடிக்கும்போது கடிகாரத்தில் மூன்று நிமிடம் தாண்டியிருந்தது. ஹால்கெய்ர் படிவத்தில் ஒரு கட்டத்தை அழகாக அடித்தார்.

"பெட்டிய வயர்லெஸ்ல வேற பேச்சுக் குழுவுக்கு மாத்திட்டா இவங்க பேச்சு விழாதுல்ல?"

"தீ எரியற எடத்துல வண்டி தன் ஆளுங்களோட குழுவ விட்டு வெலகக் கூடாது. விதி."

"இதையும் நீங்கதான் டைப் பண்ணீங்களா?"

"இல்ல. எனக்கு முன்னாடி இருந்தவரு."

குன்வோர் மைக்கை எடுத்தாள். "எல்லாரும் நல்லா கேளுங்க. அடுத்த ரெண்டு நிமிஷம் யாரும் வாயத் தொறக்கக் கூடாது. கப்சிப். ஓவர்." சொன்ன கையோடு பொத்தானை அமுக்கினாள்.

"ஒண்ணு. கேட்டாச்சு. தொறக்க மாட்டேன்."

"ரெண்டு. கேட்டாச்சு. நானும்தான்."

"மூணு. கேட்டாச்சு."

"நாலு. கேட்டாச்சு. காத்து தென்மேற்கு."

"அஞ்சு. கேட்டாச்சு."

பிறகு ஓர் அமைதி. திரையில் எண் மெல்ல அசைந்தது. எட்டு. பதினொன்று. குன்வோர் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

"ஏழு பேசறேன்," என்றது ஓஸ்தாவின் குரல். "ஆறு ஏன் இன்னும் சொல்லல? ஏ ஆறு, உயிரோட இருக்கியா?"

"இருக்கேன்."

"அப்புறம் என்ன ஊமையாட்டம்?"

"வாயத் தொறக்கக் கூடாதுன்னாளே. அதான் சும்மா இருந்தேன்."

"சும்மா இருக்கேன்னாவது சொல்லித் தொலைக்க வேணாமா? நாங்க என்னன்னு நெனைக்கிறது?"

"ஆறு. கேட்டாச்சு."

"ஏழு. கேட்டாச்சு."

"எட்டு. கேட்டாச்சு."

"ஒம்பது. கேட்டாச்சு. ரெண்டு நிமிஷம்னியே, அது எப்போலேர்ந்து?"

எல்லாம் ஓய்ந்த பிறகு அக்கரையிலிருந்து ஒரு பெண் குரல் பொறுமையாகச் சொன்னது: "கன்ட்ரோல் ரூம். எங்களுக்கும் கேட்டுச்சு. படத்துல கொஞ்சூண்டு வானம் வந்திருக்கு. ஓவர்."

ஹால்கெய்ர் இரண்டாவது கட்டத்தை அடித்தார். முதலில் அடித்ததைப் போலவே அழகாக அடித்தார். குன்வோருக்கு அதுதான் ஆத்திரமாக வந்தது.

மிச்சம் ஒரே வாய்ப்பு. அவருடைய ஃபெர்ரி கிளம்ப இன்னும் இருபது நிமிடம். ஒவ்வொருவரிடமும் நேரில் போய் வாயைப் பொத்தச் சொல்ல நேரமில்லை. குன்றில் ஏறி இறங்கவே அரை மணி ஆகும். கைப்பேசிகள் வாளியில். வயர்லெஸில் எதைச் சொன்னாலும் பதினொரு பதில் வரும். இவர்களைத் திட்டவும் அவளுக்கு மனம் வரவில்லை. அவளும் ஒன்பது வருடம் ஐந்தாம் எண்ணாக இருந்து கேட்டாச்சு சொன்னவள்தான்.

வண்டிக் கதவை யாரோ தட்டினார்கள். மங்ன்ஹில்ட். ஒத்திகைக்கு வாஃபிள் என்கிற மெல்லிய இனிப்பு அப்பம் சுடுவது அவள் பொறுப்பு. ஸ்குர்வோயில் வாஃபிள் இல்லாமல் ஒத்திகை முடிந்ததாகச் சரித்திரம் இல்லை. துறைமுகத்தை ஒட்டிய பழைய உப்புக் கொட்டகையில் காலையிலிருந்து இரண்டு வாஃபிள் அச்சுகள் வேலை செய்துகொண்டிருந்தன. மங்ன்ஹில்டின் கையில் ஒரு தட்டு.

"எப்பத்தான் முடிப்பீங்க? மொத அடுக்கு தொவண்டே போச்சு. மாவு வேற கெட்டியாயிட்டே வருது. இதுக்கு மேல பால் ஊத்தினா அது வாஃபிளே இல்ல, பாத்துக்கோ."

குன்வோர் தட்டைப் பார்த்தாள். வண்டி போனால் இதுவும் போகும் என்று தோன்றியது. போகிற நேரத்தில் சூடாகவாவது தின்னட்டும் என்று மைக்கை எடுத்தாள்.

"எல்லாரும் கேளுங்க. வாஃபிள் ரெடி. உப்புக் கொட்டகைக்கு வாங்க. ஓவர்."

வழக்கம் போல ஒன்றுக்காகக் காத்திருந்தாள். ஒன்று பேசவில்லை. இரண்டும் பேசவில்லை. பத்து விநாடி போயிற்று. இருபது விநாடி போயிற்று.

"அவங்களுக்குக் கேக்கலையோ?" என்றார் ஹால்கெய்ர்.

குன்வோர் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். குழாயடியில் இருந்தவன் ஓடிவந்துகொண்டிருந்தான். சாலை வளைவிலிருந்து ஓஸ்தா சைக்கிளில் வந்தாள், பிரேக் பிடிக்காமல். குன்றின் சரிவில் இரண்டு மஞ்சள் சட்டைகள் உருளாத குறையாக இறங்கிக்கொண்டிருந்தன. அத்தனை பேர் கையிலும் வயர்லெஸ் இருந்தது. ஒருவர் வாயருகிலும் இல்லை.

கொட்டகை வாசலில் ஐந்தாவது ஆள் வந்து நின்றபோதுதான் அவளுக்குச் சுரீரென்று உறைத்தது. பொத்தானை அமுக்கினாள்.

"நீங்களும் பேசாதீங்க" என்றாள் ஹால்கெய்ரிடம், பல்லைக் கடித்துக்கொண்டு. அவர் பேச வாயெடுத்திருந்தார். மூடிக்கொண்டார்.

இருபது. நாற்பத்தைந்து. எழுபது. வெளியே வரிசை நீண்டது. எழுபத்தெட்டில் ஊட்பியோர்ன் வந்து சேர்ந்தான். வரிசையின் கடைசியில் நின்று, கழுத்தை நீட்டி வண்டியைப் பார்த்தான். படம் என்னவாயிற்று என்ற கேள்வி அவன் முகத்தில் எழுவது குன்வோருக்கு அங்கிருந்தே தெரிந்தது. வயர்லெஸ்ஸைத் தூக்கினான். எண்பத்து மூன்று.

குன்வோர் கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு கைகளையும் ஆட்டினாள். ஊட்பியோர்னும் பதிலுக்கு நட்போடு கையாட்டிவிட்டு, வயர்லெஸ்ஸை வாய்க்குக் கொண்டுபோனான்.

"ஊட்பியோர்ன்!" என்று கொட்டகை வாசலிலிருந்து மங்ன்ஹில்ட் அதட்டுவது கேட்டது. "தட்டப் புடி. ரெண்டு கையாலயும் புடி, சூடா இருக்கு. சீஸா, ஜாமா?"

அவன் இரண்டு நிமிடம் யோசிக்கக்கூடிய கேள்வி அது. வயர்லெஸ் இடுப்புக்குப் போயிற்று. தொண்ணூறு. தொண்ணூற்று ஏழு. நூறு.

"ஒரு நிமிஷம் நாப்பத்தியோரு விநாடி" என்றார் ஹால்கெய்ர்.

பெட்டியிலிருந்து அதே பெண் குரல் வந்தது. "கன்ட்ரோல் ரூம். படம் வந்துருச்சு, ரொம்பத் தெளிவா இருக்கு. பீப்பாயில தீ எரியுது. அதுக்கு முதுகக் காட்டிட்டு அஞ்சு பேர் வரிசையா நிக்கறாங்க. கையில வட்டமா, வெள்ளையா ஏதோ உபகரணம். அது என்ன? ஓவர்."

குன்வோர் ஹால்கெய்ரைப் பார்த்தாள். அவர் படிவத்தைப் பார்த்தார்.

"தட்டு. ஓவர்."

"கன்ட்ரோல் ரூம். கேட்டாச்சு."

ஹால்கெய்ர் படிவத்தின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஒரு முறை நிதானமாகப் படித்தார். "தீ எரியறப்ப எல்லாரும் எடத்த விட்டுட்டு வந்துட்டாங்க. அதுக்கு இதுல கட்டம் இல்ல. நேரத்துக்கு ஒண்ணு இருக்கு, தெளிவுக்கு ஒண்ணு இருக்கு." இரண்டையும் நிரப்பிக் கையெழுத்துப் போட்டார். பிறகு இறங்கிப் போய் வரிசையில் ஊட்பியோர்னுக்குப் பின்னால் நின்றார். ஃபெர்ரி கிளம்புவதற்குள் அவருக்கு ஆட்டுக் கொட்டகைக் கதை முழுவதும் சொல்லப்பட்டது.

"பீப்பாய யாராவது அணைச்சீங்களா?" என்று குன்வோர் கேட்டாள். எல்லோரும் வாய் நிறைய வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள். பீப்பாய் ஏற்கெனவே தானாக அணைந்திருந்தது.

நவம்பர் 9 அன்று அறிக்கை வந்தது. வண்டி ஸ்குர்வோயிலேயே இருக்கும் என்று அதில் எழுதியிருந்தது. கூடவே ஒரே ஒரு பரிந்துரை: வயர்லெஸில் யாரைக் கூப்பிடுகிறார்களோ அவர் மட்டும் பதில் சொன்னால் போதும். அன்று மாலை ஆறு மணிக்குக் குன்வோர் அதை வயர்லெஸில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினாள். பதினொரு பதில்கள் வந்தன.