பூட்டிய வீட்டில் ஓடிய கரண்ட்

கரண்ட் ஆபீஸ் யுவராஜ் பழைய மீட்டரைக் கழற்றிக் கீழே வைத்ததும், பானுமதி முந்தானையால் அதன் தூசியைத் துடைத்தாள். இத்தனை வருஷம் தன் சுவரில் இருந்த பொருளை அழுக்கோடு அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. சுவரில் இப்போது புது ஸ்மார்ட் மீட்டர் வெள்ளை வெளேரென்று உட்கார்ந்திருந்தது. கொல்லிமலை வாழவந்தி நாட்டில் அவர்கள் பக்கத்துக்கு அதுதான் முதல் ஸ்மார்ட் மீட்டர். எதிலும் முதல் ஆளாக நிற்பது பானுமதிக்குப் பிடிக்கும். "எல்லாம் அவ பாத்துக்குவா" என்று சொல்லிவிட்டு மிளகுத் தோட்டத்துக்குள் நழுவிவிடும் அர்த்தனாரி மாதிரி புருஷன் வாய்த்தால், முன்னால் நிற்காமல் வேறு என்ன செய்வது?

அன்றைக்கு அவளுக்கு இருந்தது ஒரே ஒரு கவலை. தன் வீட்டிலிருந்து பிரிந்து பக்கத்து வீட்டுச் சத்யாவுக்குப் போகிற கறுப்பு ஒயர். முந்தின நாள் சாயங்காலமே அதை சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருந்த மிளகுக் கொடிக்குள் செருகி, இலையை இழுத்து மேலே மூடிவிட்டிருந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது, சரிதான். ஒயரை மிளகுக் கொடியில் மறைப்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை என்று தன்னையே மெச்சிக்கொண்டாள்.

அந்த ஒயர் வந்ததே அந்த மரத்தால்தான். சத்யாவும் சாமியப்பனும் பக்கத்தில் வீடு கட்டியபோது, ரோட்டுக் கம்பத்திலிருந்து லைன் இழுக்க மரம் குறுக்கே நின்றது. தோட்டத்திலேயே நன்றாகக் காய்க்கிற கொடி அதில்தான் இருந்தது. மரத்தை எதுக்கு வெட்டோணும், எங்கூட்டிலிருந்து ஒரு ஒயர் இழுத்துக்கோங்க என்றாள் பானுமதி. ஊரே அவளுடைய பெரிய மனசைப் பேசியது. பேசப் பேச, மரத்துக்காகத்தான் கரண்ட் கொடுத்தோம் என்பது அவளுக்கே மறந்துபோனது. சத்யா பில்லில் தன் பங்கைத் தவறாமல் கொடுத்துவிடுவாள். இருந்தாலும் மீட்டர் பானுமதியின் சுவரில் அல்லவா இருந்தது? அதன் சிவப்புப் புள்ளி வேகமாகச் சிமிட்ட ஆரம்பித்தால் வாசலிலிருந்தே குரல் கொடுப்பாள், கிரைண்டரா போட்டே என்று. அங்கே சத்தம் அடங்கிவிடும். கொடுக்கிறவளுக்கு அந்த உரிமைகூட இல்லையா என்ன.

யுவராஜ் அவளுடைய போனில் ஆப்பைப் போட்டுக் கொடுத்தான். மணிக்கு மணி எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று அதில் கோடாகத் தெரியும் என்று விளக்கினான். காப்பி டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது மிளகுக் கொடியைப் பார்த்தபடியே சொன்னான்.

"நான் கண்டுங்காணாம போயிருவனுங்க்கா. இந்த மீட்டரு அப்படிப் போவாது. ஒரு மீட்டருக்கு ஒரு ஊடுதான். மாட்டுச்சுன்னா ஒயர வெட்டிப் போடுவாங்க, அவிய ஊடு இருட்டுல கெடக்கும். தனியா எழுதிக் குடுக்கச் சொல்லுங்க."

தனி லைன் என்றால் மரம் போகும். அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் தம்பி என்று பானுமதி சிரித்தே அனுப்பிவைத்தாள்.

அடுத்த வாரம் முள்ளுக்குறிச்சியில் நாத்தனார் அருணாவின் மகளுக்குக் கல்யாணம். ஃபிரிட்ஜ் முதற்கொண்டு எல்லாவற்றையும் அணைத்து, சத்யா வீட்டுக்காக மெயினை மட்டும் விட்டுவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு இருவரும் முந்தின நாளே மலையிறங்கினார்கள். தாலி கட்டு முடிந்து சாப்பிட்டு எழுந்ததும் பானுமதிக்குக் கை சும்மா இருக்கவில்லை. சொந்தக்காரர்கள் நாலு பேரைக் கூட்டி வைத்துக்கொண்டு போனை நீட்டினாள். கொல்லிமலையில் இருக்கிற வீட்டுக் கரண்ட் முள்ளுக்குறிச்சியில் தெரிகிறது என்றால் சும்மாவா? அருணா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"ஊட்டப் பூட்டிட்டு வந்தோம்னீங்களே அண்ணி. அப்புறம் அங்க யாரு கரண்டு எரிக்கறது?"

திருடன் புகுந்து கிரைண்டர் ஆட்டுகிறான் போல என்று யாரோ சொல்ல, ஒரே சிரிப்பு. புது மீட்டர், கோளாறாக இருக்கும் என்று பானுமதியும் சேர்ந்து சிரித்துவிட்டு, மண்டபத்தின் பின்பக்கம் போய்த் தனியாக உட்கார்ந்தாள்.

அவள் வீட்டில் ஒரு பல்புகூட எரியவில்லை. அப்படியானால் போனில் தெரிவது முழுக்கச் சத்யாவின் வீடு. நம்ம பில்லு ஏறுவதே அவளால்தான் என்று அர்த்தனாரியிடம் எத்தனையோ தடவை முணுமுணுத்திருக்கிறாள். ஆனால் நேற்று ராத்திரிக் கோடு தரையோடு தரையாக ஊர்ந்து கிடந்தது. ஒரு பல்பும் ஒரு ஃபேனும் இருந்தால் அதிகம். இன்று காலை அது குன்று மாதிரி எழும்பி, இன்னும் இறங்காமல் நின்றது. அடி கள்ளி, ஆள் இல்லாத நேரம் பார்த்தா என்று முதலில் பானுமதிக்குக் கோபம்தான் வந்தது. நேற்றைய கோட்டையும் இன்றைய கோட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பஸ் தவறித் திரும்பி வந்துவிடுவார்களோ என்று சத்யா நேற்று முழுக்கப் பொறுத்திருக்கிறாள். இன்றைக்குத்தான் தைரியம் வந்திருக்கிறது. நான் ஊரில் இல்லாத நாள்தான் அவளுக்குப் பண்டிகை என்று தோன்றியதும் கோபம் போய்விட்டது. அவ்வளவு பேர் இருக்கிற மண்டபத்தில், யாருக்கும் எதுவும் தெரியாதபோதும், பானுமதிக்கு வெட்கமாக இருந்தது.

ஊர் திரும்பியதும் பையைக்கூட வைக்காமல் நேரே சத்யாவின் வாசலுக்குப் போனாள். பிள்ளைகளின் பள்ளிக்கூடத் துணி மடிப்புக் கலையாமல் தேய்த்து அடுக்கியிருந்தது. அவள் வருவதைப் பார்த்ததுமே சத்யா எழுந்துவிட்டாள்.

"கல்யாணத்தன்னைக்கு என்னென்ன போட்டே, சத்யா?"

சத்யாவின் முகம் சுண்டிப்போனது.

"தேச்சனுங்க்கா. கிரைண்டர் போட்டேன். பசங்க கேட்டாங்கன்னு டீவியும்... இனிமே உங்களக் கேட்டுட்டே போடறனுங்க்கா."

அடித்திருந்தால்கூட பானுமதிக்கு அப்படி வலித்திருக்காது.

"கேக்க வேண்டாம் கண்ணு. நாளைக்கே தனி லைனுக்கு எழுதிக் குடு. மரத்த நான் வெட்டித் தாரேன்."

"மிளகு போயிருமுங்களே, அக்கா?"

"மிளகுக்கு என்ன, வேற மரத்துல ஏறிக்கும். நீ எத்தன நாளைக்கு எங்கூட்டப் பாத்துட்டே சுவிட்சுப் போடுவ?"

விஷயத்தைக் கேட்டதும் தோட்டத்துக்குள் போன அர்த்தனாரி இருட்டிய பிறகுதான் வீட்டுக்கு வந்தார். மறுநாள் அவரே அரிவாளோடு போய்க் கொடியை அவிழ்த்தார். நல்ல கணுவாகப் பார்த்துத் துண்டு நறுக்கி வேறு மரங்களின் அடியில் ஊன்றினார். காய்க்க வருஷம் பிடிக்கும் என்று மட்டும் மண்ணைப் பார்த்துச் சொன்னார். பிடிக்கட்டும் என்றாள் பானுமதி. எடுத்த முடிவை இரண்டாம் தடவை எடைபோடுகிற வழக்கம் அவளிடம் கிடையாது. ஆனாலும் மரம் சாய்ந்தபோது அவள் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

லைன் வந்த அன்று பட்டப்பகல். யுவராஜ் புது மீட்டரை மாட்டி, பழைய ஒயரைச் சுருட்டி வைத்துவிட்டுக் கிளம்பிப் போனான். மறைக்க மரம் இல்லாததால் சத்யாவின் வீடு வாசல் முதல் கொல்லை வரை பானுமதியின் முற்றத்துக்குத் தெரிந்தது. சத்யா ஒவ்வொரு அறையாகப் போனாள். ஃபேன் ஓடியது. டீவி பேசியது. ஒன்றும் போடாத வெறும் மிக்சி ஒரு தடவை கத்தி ஓய்ந்தது. கடைசியில் வாசலுக்கு வந்து நிலைக்கு மேலிருந்த பல்புக்கும் சுவிட்சைத் தட்டிவிட்டு, இடுப்பில் கை வைத்து அண்ணாந்து நின்றாள். இந்தப் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

பகலில் எதுக்குடி லைட்டு என்ற கேள்வி பானுமதிக்கு நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டாள். அடிக்கிற வெயிலில் பல்பு எரிகிறதா இல்லையா என்றே புலப்படவில்லை. புருவத்துக்கு மேல் கையைக் குடையாக வைத்து, இரண்டடி முன்னால் வந்து, எரிகிறதா என்று உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றாள்.