உலகத்திலேயே அசிங்கமான கோழி

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. யாருடைய பொறாமை என்று கேட்டால் முதலில் என்னுடையது. வெர்னாவின் பொறாமை பின்னால் வருகிறது. எத்தனையோ வருஷமாகத் தமிழில் கதை எழுதுகிறேன். என் வரி ஒன்றைப் படித்துவிட்டு யாராவது ஓடுகிற வண்டியை நிறுத்தினார்கள் என்று இதுவரை கேள்விப்பட்டதில்லை. இங்கே ஓக்லஹோமாவில், பழைய அறுபத்தாறாம் நெடுஞ்சாலையில், ஒருத்தி நாலு மரப்பலகையில் நாலு வரி எழுதிப் பதினெட்டுச் சக்கர லாரியையே நிறுத்திவிட்டாள். அந்த லாரிக்குப் பின்னால் சடன் பிரேக் போட்டது என் கார். அன்றைக்குப் பற்றிய வயிற்றெரிச்சல் இன்னும் அணையவில்லை.

அந்த நாலு வரி என்ன என்று இப்போது சொல்ல மாட்டேன். சொன்னால் மிச்சத்தைப் படிக்காமல் போய்விடுவீர்கள். உங்களை எனக்குத் தெரியாதா?

2

தொடக்கம், முதல் முயற்சி:

"சிகாகோவில் கிளம்பி மேற்குக் கடல்வரை ஓடும் அந்தப் பழைய சாலை, காலத்தின் மீது —"

வேண்டாம். காலத்தின் மீது எதையாவது ஓட விட்டால் எனக்கே கொட்டாவி வருகிறது.

இரண்டாம் முயற்சி:

"பக்கத்திலேயே புதிய பெருஞ்சாலை வந்து வண்டிகளையெல்லாம் இழுத்துக்கொண்டபின், இந்தச் சாலையில் பிழைப்பவர்கள் ஆளுக்கொரு பிரம்மாண்டத்தை வாசலில் நட்டு —"

இது கட்டுரை. ஆனாலும் விஷயம் இதில்தான் இருக்கிறது என்பதால் அடிக்காமல் விடுகிறேன். [ஒருவன் வாசலில் பனைமர உயரத்துக்கு ஒரு காபிக் கெண்டி. இன்னொருவன் வாசலில் லாரி அளவுக்கு ஒரு தர்பூசணி. எதைக் கட்டினாலும் 'உலகத்திலேயே பெரிய' என்று போட்டுக்கொள்வார்கள். யாரும் டேப் வைத்து அளப்பதில்லை. அடுத்தவன் பிரம்மாண்டத்தை அளப்பது இந்தச் சாலையில் மரியாதைக் குறைவு.]

மூன்றாம் முயற்சி:

"வெர்னாவிடம் ஒரு ஓணான் இருந்தது."

சரி. இதுதான்.

3

வெர்னாவிடம் ஒரு ஓணான் இருந்தது. தலையைச் சுற்றி முள் வைத்த கொம்பு ஓணான், சிமெண்டில். அவளும் அவள் புருஷன் டெல்பர்ட்டும் நடத்துகிற பெட்ரோல் பங்க் வாசலில் சாலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. ஊரில் மற்றவர்கள் தங்கள் பெண்டாட்டிக்கு மோதிரம் போட்டார்கள், டெல்பர்ட் ஓணான் கட்டினான். கல்யாணமான வருஷம் கட்டியது. ஒரு கால் குட்டை, வாய் கோணல். இருந்தாலும் அது தனக்காகக் கட்டியது என்று வெர்னாவுக்கு அதன்மேல் அப்படி ஒரு கர்வம்.

ஓணானைக் கட்டியது அவன் என்றால் அதற்கு ஆள் சேர்த்தது அவள். அந்தப் பக்கத்துச் சாலையில் யாரும் தங்கள் பலகையைத் தாங்களே எழுதிக்கொள்வதில்லை. எல்லோருக்கும் வெர்னாதான். ஒரு வாக்கியத்தை நாலாகப் பிய்த்து நாலு பலகையில் எழுதி, ஒன்றுக்கொன்று நல்ல இடைவெளி விட்டு நடுவார்கள். காரில் போகிறவன் துண்டு துண்டாகப் படித்துக்கொண்டே வந்து, நாலாவதில் ஆள் விழுந்துவிட வேண்டும்.

"ஓடற கண்ணுக்கு எழுதணும்யா. உக்காந்து படிக்கறவனுக்கு யாரு வேணா எழுதலாம்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள். நான் வேலை பார்க்கிற மருந்துக்கடையில் ரத்த அழுத்த மாத்திரைக்குக் காத்திருந்தபோது. நான் எழுதுகிறவன் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னாள்.

4

பிறகு நோரீன் வந்தாள். மேற்கே அமரில்லோ என்கிற ஊர்ப்பக்கத்துக்காரி, புருஷனை இழந்தவள், வெர்னாவைவிட இளையவள். எதிர்ப்பக்கத்தில் பூட்டிக்கிடந்த டயர் கடையை வாங்கினாள். அங்கே முட்டைக்கடை போடுவேன், வாசலில் ஒரு கோழி நிறுத்துவேன் என்றாள். கோழியை யார் செய்வது? சுற்றுவட்டாரத்தில் டெல்பர்ட்டைவிட நல்ல வெல்டர் கிடையாது.

செய்தான். பாவி, எப்படிச் செய்தான்! பழைய கார்களின் பானட்டுகளை இறகு இறகாக வெட்டி ஒட்டினான். வெயில் சாயும்போது ஒவ்வொரு இறகும் ஒவ்வொரு நிறத்தில் மின்னும். குழந்தைகள் கழுத்துப் பக்கம் ஏணியில் ஏறி உள்ளே போனால், வயிற்றுக்குள் வழுக்கிக்கொண்டு வந்து வால் வழியாக வைக்கோலில் பொத்தென்று விழும். முட்டை! விழுகிற குழந்தை ஒவ்வொன்றும் கொக்கரிக்கும்.

வெர்னா சமையலறை ஜன்னலில் நின்று குற்றம் தேடினாள். நாள் கணக்கில் தேடினாள். ஒன்றும் கிடைக்கவில்லை. அதுதான் அவளை அரித்தது.

திறப்பு விழாவுக்கு முன்பே ஆள் வர ஆரம்பித்துவிட்டது. ஒருநாள் ஒரு குடும்பம் வெர்னாவின் பங்க்கில் பெட்ரோல் போட்டுக்கொண்டு ஓணானைத் தாண்டி அவளிடம் வந்தது.

"ஒரு போட்டோ எடுத்துத் தர்றீங்களாம்மா?"

வெர்னாவுக்கு முகம் மலர்ந்தது. "அதுக்கென்ன கண்ணு! ஓணான் மேல ஏறி உக்காருங்க."

"இல்லம்மா. அந்தக் கோழி முன்னாடி."

எடுத்துக் கொடுத்தாள். போட்டோவில் குடும்பம் முழுசாக விழுந்தது. கோழிக்கு மட்டும் தலை விழவில்லை.

5

[டெல்பர்ட்டை எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. காலையில் எழுந்ததும் சாலையைத் தாண்டி நோரீனிடம் காபி குடிக்கப் போகிறானே, காபிக்கா, கோழிக்கா, நோரீனுக்கா? கதாசிரியனுக்குத் தெரியாமல் எப்படி என்று கேட்பீர்கள். வெர்னாவுக்கே தெரியவில்லை, எனக்கெங்கே தெரியும்? இந்தப் பத்தியில் அவனை ஒரு நல்லவனாக எழுதி வைத்திருந்தேன். அடித்துவிட்டேன்.]

"ஏன்யா, அங்க காபி மட்டுந்தான் குடிக்கறியா? இல்ல, இந்த வீட்டுச் சோறே கசந்து போச்சா?"

"வேலைக்குப் போறேன் வெர்னா. நீயும் ஒருநாள் வந்து பாரேன்."

"நான் எதுக்கு வர்றேன்? நம்ம ஓணான் கால்ல வெடிப்பு விட்டு எம்புட்டு நாளாச்சு. அதுக்கு உனக்குக் கை வரல. எதுத்தாப்ல மட்டும் றெக்கை றெக்கையா ஒட்டற."

"ஓணான் எங்க ஓடிறப் போவுது?"

"அதான! எங்கயும் ஓடாததைத்தான் நீ திரும்பிக்கூடப் பாக்க மாட்டியே."

அவள் ஓணானைப் பற்றிப் பேசவில்லை என்பது அவனுக்கும் தெரிந்தது. தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். முப்பது வருஷத்துக்கும் மேலாகத் தன் பக்கத்தில் இருந்த மனுஷன் சாலையைத் தாண்டுவதை அவள் ஜன்னலில் நின்று பார்த்தாள். ஒருநாள் திரும்பித் தாண்டாமலே இருந்துவிடுவானோ என்று அவளுக்குப் பயம்.

6

கோழிக்குப் பலகை வேண்டுமே? நோரீன் வெர்னாவிடம்தான் வந்தாள். வேறு யாரிடம் போவாள்?

"மிஸ் வெர்னா, வார்த்தையெல்லாம் உங்க இஷ்டம். நீங்க எழுதினாச் சரியாத்தான் இருக்கும். எனக்கு அதெல்லாம் என்ன தெரியும்?"*

"பாத்துக்கறேன் கண்ணு. நீ நிம்மதியாப் போயிட்டு வா."

நோரீன் மகளின் பிரசவத்துக்காக அமரில்லோ போனாள். டெல்பர்ட் கோழி வயிற்றுக்குள்ளேயே கிடந்து வழுக்கலைத் தேய்த்துக்கொண்டிருந்தான். வெர்னா தன் டிரக்கில் பலகைகளை ஏற்றிப்போய், கோழிக்குக் கிழக்கே சாலையோரம் தானே குழிதோண்டி நட்டாள்.

முதல் பலகை: முன்னால் ஒரு கோழி வருகிறது

இரண்டாவது: உலகத்திலேயே அசிங்கமான கோழி

மூன்றாவது: குழந்தைகளின் கண்ணைப் பொத்துங்கள்

நாலாவது: நிறுத்தாமல் போய்விடுங்கள்

* வயதில் மூத்த பெண்ணை இங்கே பெயருக்கு முன் 'மிஸ்' போட்டுத்தான் கூப்பிடுவார்கள். நம் அக்கா மாதிரி. அக்காமேல் வைக்கிற நம்பிக்கையும் அதோடு சேர்ந்து வரும். வெர்னாவை அது கொஞ்சம் குத்தியது. கொஞ்சம்தான்.

7

ஊருக்கெல்லாம் பலகை எழுதியவளுக்கு ஒன்று தெரிந்திருக்க வேண்டும். இந்தச் சாலைக்கு வருகிறவன் அழகைப் பார்க்க வரவில்லை. அழகு வேண்டுமென்றால் மலைக்குப் போவான். இங்கே வருகிறவனிடம் போய் 'உலகத்திலேயே அசிங்கம், பார்க்காதே' என்றால் சும்மா போவானா? வெர்னாவுக்குத் தெரியாததல்ல. பொறாமை கண்ணை மறைத்துவிட்டது.

திறப்பு விழா அன்று சனிக்கிழமை. சாலையின் இரண்டு ஓரமும் வண்டி. குழந்தைகள் கண்ணைப் பொத்திக்கொண்டு விரலிடுக்கில் பார்த்தபடி ஓடின. எனக்கு முன்னால் பிரேக் போட்ட அந்த லாரிக்காரன், தாடியும் தொந்தியுமாக, கோழி வால் வழியாக வந்து விழுந்து கை தட்டினான்.

"அடேயப்பா! பலகைல போட்டது பொய்யில்ல. நெஜமாவே அசிங்கந்தான்!"

எல்லோரும் சிரித்தார்கள். சந்தோஷமாகத்தான் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். விழாவுக்கு அமரில்லோவிலிருந்து திரும்பியிருந்த நோரீன் சாலையைத் தாண்டி ஓடிவந்து வெர்னாவைக் கட்டிக்கொண்டாள்.

"மிஸ் வெர்னா! இந்த மூளை யாருக்கு வரும்? அந்தப் பலகைல ஒரு எழுத்தைக்கூட மாத்திறாதீங்க!"

நோரீனின் தோளுக்கு மேலே வெர்னா பார்த்தாள். வெல்டிங் கண்ணாடியை நெற்றியில் தூக்கிவிட்டபடி, கோழியின் காலடியில் டெல்பர்ட் நின்றுகொண்டிருந்தான். சிரிக்கிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

8

மத்தியானம் அவன் வீட்டுக்கு வந்தபோது வெர்னா சோளமாவில் புரட்டி வெண்டைக்காய் பொரித்துக்கொண்டிருந்தாள். அவன் உட்காரவில்லை.

"கிழக்கால போய்ப் பலகையைப் படிச்சேன்."

"ம்."

"அசிங்கமாவா இருக்கு, வெர்னா?"

[இந்த இடத்தில் அவளுக்கு ஒரு வழி திறந்திருந்தது. நோரீனே திறந்துவிட்டிருந்தாள். 'அடப் போய்யா, அது வியாபாரத் தந்திரம், கூட்டத்தைப் பாத்தேல்ல?' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் நம்பியிருப்பான். மூளைக்காரி என்ற பட்டமும் அவளுக்கே. நானாக இருந்தால் அதைத்தான் சொல்ல வைத்திருப்பேன்.]

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அசிங்கமா இருந்திருந்தா எழுதியிருக்கவே மாட்டேன்."

எண்ணெய் பொரிந்துகொண்டிருந்தது. டெல்பர்ட் அடுப்பை அணைத்தான்.

"நம்ம ஓணானைவிட அழகா இருக்குய்யா, பாழாப்போன கோழி. எனக்குச் செஞ்சது கோணலா நிக்குது. அவளுக்குச் செஞ்சது அப்படி ஜொலிக்குது. தெனம் ஜன்னல்ல நின்னு அதைப் பாத்துப் பாத்து வேகறேன். வேற என்ன பண்ணச் சொல்ற?"

"அவளுக்கு எங்க செஞ்சேன்? ஓணான் கட்டறப்ப எனக்கு ஒரு எழவும் தெரியாது. இப்பக் கை வந்துருச்சு. உனக்குக் காட்டணும்னு எத்தனை தடவ கூப்பிட்டேன்? நீ ஜன்னலை விட்டு நகரவே இல்ல."

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப அந்தக் காபி?"

"அவ காபி வாய்ல வெக்க முடியாது வெர்னா."

அவள் சிரித்துவிட்டாள். அவன் சிரிக்கவில்லை.

"வந்தவன் அத்தனை பேரும் சிரிக்கறான். நீ எழுதினதைப் படிச்சுட்டு வர்றவன் வேற எப்படிப் பாப்பான்? என் ஆயுசுக்கும் நான் செஞ்சதுல அதுதான் நல்ல வேலை."

வெளியே போய் டிரக்கிலிருந்து ஒரு பலகையைத் தூக்கி வந்து சாப்பாட்டு மேஜைமேல் வைத்தான். வெள்ளை அடித்து உலர்ந்திருந்தது.

"இப்ப என்கிட்ட சொன்னதை இதுல எழுது. கோழியைத் தாண்டினதும் அஞ்சாவதா நட்டுர்றேன்."

"ஐயையோ! போற வர்றவன்லாம் படிப்பானே!"

"மொத நாலைப் படிச்சவனும் அவன்தான?"

9

வெர்னா தூரிகையைக் கையில் எடுத்தாள். இதுவரை அவளே மருந்துக்கடையில் என்னிடம் சொன்னது. ஐந்தாவது பலகை என் பொறுப்பு என்று நினைத்து நான் முயன்றவை:

"மேலே சொன்னதெல்லாம் பொய்."

(கோர்ட்டு வாசகம்.)

"இதைச் செய்தவன் என் புருஷன்."

(பெருமையா, நோரீனுக்கு எச்சரிக்கையா? இரண்டும்தான் என்றால் டெல்பர்ட் ஒப்புக்கொள்ள மாட்டான்.)

"எழுதியவள் பொறாமைக்காரி."

(இதை எழுதிவிட்டு என் முதுகில் நானே தட்டிக்கொண்டேன். ஒரு மணி நேரம் கழித்துப் படித்தால், அது என்னைப் பற்றியது. அவளிடம் இதைவிட நல்லதாக ஏதோ இருக்கும்.)

"அழகாக இருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் —"

(காருக்கு அவ்வளவு நேரம் கிடையாது.)

"என்னதான் எழுதின?" என்று அன்றைக்கே மருந்துக்கடையில் கேட்டுப் பார்த்தேன்.

மாத்திரை டப்பாவைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். "ரோட்டு மேலதான நிக்குது. வந்து படிச்சுக்கோ. டெல்பர்ட் அதைப் படிச்சுட்டு மொத்த வெண்டைக்காயையும் தின்னு தீத்துட்டான்."

அந்த இடம் என் வீட்டுக்குப் பக்கம்தான். நான் இன்னும் போகவில்லை. வேலைக்குக்கூடப் பெருஞ்சாலையில் சுற்றிக்கொண்டு போகிறேன். பார்க்காதவரை என்னுடைய நாலு வரியும் அப்படியொன்றும் மோசமில்லை.

அதனால் ஐந்தாவது பலகை உங்களுக்கு. ஒரே ஒரு வரிக்குத்தான் இடம். வண்டி நிற்காது. நீங்கள் எழுதுவதை எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறான், நீங்கள் காயப்படுத்தியவன்.

[                                        ]

எழுதிவிட்டீர்களா? நன்றாக வந்திருந்தால் தயவுசெய்து என்னிடம் காட்டாதீர்கள்.