வீட்டோட மாப்பிள்ளைக்கு வந்த துரு

அந்தக் கொடிக்குப் புத்தகத்தில் நீளமாக ஒரு பெயர் உண்டு. தெருவில் யாரும் அதைச் சொல்லிச் சிரமப்படவில்லை. வீட்டோட மாப்பிள்ளை என்றுதான் அழைத்தார்கள். யாரும் கூப்பிடாமல் எங்கிருந்தோ வந்தது, வந்த நாள் முதல் படுத்துக்கொண்டே வளர்கிறது, வெட்டினால் கோபித்துக்கொண்டு போய் இரண்டு மடங்காகத் திரும்பி வருகிறது. பெயர் வைத்தவர் தையல்காரர். அவர் வீட்டிலேயே ஒரு மாப்பிள்ளை இருந்ததால் யாரும் விளக்கம் கேட்கவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் கொடியைக் கொல்லத் தெரிந்த ஆள் அதே தெருவில், தன் அக்கா வீட்டு மாடியில் குடியிருந்தார். பயிர்நோய் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. நாள் முழுக்க லென்ஸுக்குள் கண்ணை விட்டுக்கொண்டிருக்கிறார் என்று யாரோ சொல்லப்போக, தெருவுக்கு அவர் ‘பூதக்கண்ணாடி’ ஆகிவிட்டார். கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதற்கு வீட்டுக்கு ஒரு காரணம் கைவசம் இருக்கிறது. அதெல்லாம் இங்கே வேண்டாம்.

நிலையத்தில் ஒரு கண்ணாடிக் கூடம். காற்று கூட அனுமதி கேட்டுத்தான் வெளியே போகும். அதற்குள்தான் அந்தத் துருவை வளர்த்தார்கள். இரும்புத் துரு இல்லை, இலையின் அடிப்புறத்தில் பழுப்புப் பொடியாக வெடிக்கிற பூஞ்சை. கொடியின் சொந்த ஊரிலிருந்தே அதற்கு எதிரியை வரவழைத்திருந்தார்கள். ஆனால் கொடிக்கு உறவுக்காரச் செடிகள் பல. அவற்றை இந்தத் துரு தொடாது என்று ஒவ்வொன்றாகச் சோதித்து முடிக்கும்வரை ஒரு துளிப் பொடி வெளியே போகக்கூடாது. உள்ளே போனவர்கள் தலைக்குக் குளித்துத்தான் வெளியே வர வேண்டும். மூக்குக்கண்ணாடியைக்கூட ஸ்பிரிட்டில் துடைக்க வேண்டும். சரியாகத் தலை நனைக்காமல் வந்தவர்களைத் திருப்பி அனுப்பி மறுபடி குளிக்கவைக்கிற ஆள் யார் என்று நினைக்கிறீர்கள்? நம் பூதக்கண்ணாடிதான்.

அக்காவுக்கு இந்த ஆசாரமெல்லாம் புரியவில்லை. கொடி அவள் கொல்லையில் துணிக்கயிற்றைப் பிடித்து, தண்ணீர்த் தொட்டியை மூடி, சமையலறை ஜன்னல் கம்பிக்குள் கையை நீட்டியிருந்தது.

“ஊருக்கெல்லாம் மருந்து கண்டுபிடிக்கிற. கூடப்பிறந்தவ கொல்லைக்கு ஒரு துளி குடுக்க மாட்டியா?”

“சோதனை முடியலக்கா. கடைசியா ஒரு செடி பாக்கி இருக்கு.”

“நீ பரீட்சை எழுதி முடிக்கட்டும்னு அது கையைக் கட்டிக்கிட்டு நிக்குமாடா?”

திட்டிக்கொண்டிருந்த வரைக்கும் அவர் தாங்கினார். பிறகு அக்கா பேச்சை நிறுத்திவிட்டு, சாப்பாட்டுத் தட்டை மட்டும் டொக்கென்று வைக்க ஆரம்பித்தாள். அந்த ‘டொக்’கைத் தாங்க முடியவில்லை. ஒருநாள் மூக்குக்கண்ணாடியைப் பயபக்தியாகத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். அந்தக் கண்ணாடியை வைக்கிற கூட்டுக்குள் துரு பிடித்த மூன்று இலைகள் இருந்தன. அவருடைய கூட்டை யார் திறந்து பார்ப்பார்கள்?

இலைகளைக் கொல்லையில் ஒரு கொழுந்தோடு நூலால் கட்டி, தண்ணீர் தெளித்து, பாலித்தீன் பையால் மூடினார். “யார்கிட்டயும் மூச்சு விடாதக்கா” என்றார். மழைக்கால ஈரம். சில வாரங்களில் கொடி முழுக்கப் பழுப்புப் புள்ளி. இலைகள் சுருண்டன, உதிர்ந்தன, ஜன்னலுக்குள் நீண்டிருந்த கை பொசுங்கித் தொங்கியது.

அக்கா மூச்சு விடவில்லைதான். பேச்சுதான் விட்டாள். உறைக்கு மோர் கொடுப்பது போல, கேட்டவர்களுக்கெல்லாம் சுவருக்கு மேலே புள்ளி விழுந்த இலையைக் கொடுத்தாள். “என் தம்பி கைராசி” என்று ஒரு வார்த்தையும் சேர்த்து. கணக்கு வாத்தியார் ஒற்றைப்படையில்தான் பலிக்கும் என்று ஏழு இலை கேட்டு வாங்கினார். தையல்காரர் நூலால் கட்டுவதை நம்பாமல், ஊசி எடுத்து இலையோடு இலையை ஓட்டுத்தையல் போட்டார். எல்லாம் பிடித்தது. தெருவில் பூதக்கண்ணாடிக்கு மரியாதை கூடியது. யாராவது கும்பிட்டால் அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு போனார். அடக்கமான மனுஷன் என்றார்கள்.

அந்தச் சமயத்தில்தான் கடைசிச் செடியின் முறை வந்தது.

முத்துக்கொடி. வெள்ளையாக, கொத்துக் கொத்தாகப் பூக்கும். பூக்கடைக்காரர்கள் மாலைக்கும் மேடைக்கும் வாங்குவது. முற்றிய இலைகள் சுத்தமாக இருந்தன. கொழுந்தைத் திருப்பி லென்ஸுக்கு அடியில் வைத்தார். சின்னதாக ஒரு கொப்புளம். ஊசியால் தொட்டதும் வெடித்துப் பழுப்பாகக் கொட்டியது. முத்துக்கொடியைத் தவிர வேறெதையும் வளர்க்காத நர்சரி ஒன்று அவர் தெருக்கோடியிலேயே இருந்தது.

டைரக்டரம்மா வந்து பார்த்தார். “நல்லவேளை, உள்ளேயே தெரிஞ்சுதே! வெளிய விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்? இந்தத் துருவுக்கு இனிமே கதவு திறக்கப் போறதில்ல. உங்களை மாதிரி ஒருத்தர் இருக்கறதாலதாங்க நான் வீட்டுல நிம்மதியா தூங்கறேன்.”

பூதக்கண்ணாடி சிரித்தார். பல்வலிக்காரன் போட்டோவுக்குச் சிரிப்பது மாதிரி ஒரு சிரிப்பு.

அரைநாள் லீவு போட்டு வீட்டுக்கு ஓடினார். வாசலில் நர்சரிக்காரம்மாவே நின்றுகொண்டிருந்தாள். தனியாளாக நிழல்வலை கட்டி, கன்று வைத்து, இப்போதுதான் வெளியூருக்கு அனுப்புகிற அளவுக்கு வந்தவள். அக்கா கையில் புள்ளி விழுந்த இலை.

“வாடா. இவங்க வேலிலயும் மாப்பிள்ளை ஏறிட்டாராம். அதான் எடுத்து வச்சேன்.”

“வேணாம்!” என்று கத்திவிட்டார். இரண்டு பெண்களும் திரும்பினார்கள். இப்போது சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. கூடவே வேலையும், மரியாதையும், டைரக்டரம்மாவின் தூக்கமும் வந்து வாசலை அடைத்துக்கொண்டன.

“அது… இந்த இலை இப்ப வேலை செய்யாது. வீரியம் போயிடுச்சு.”

“வாத்தியார் வீட்டுக்கு மட்டும் வீரியம் இருந்துச்சே தம்பி?” என்றாள் நர்சரிக்காரம்மா.

“அது வேற. உங்க இடத்துக்கு இது ஒத்துவராது.”

“என் இடத்துக்கு என்ன குறைச்சல்?”

நர்சரிக்காரம்மா முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள். “புரியுது. ஊருக்கெல்லாம் வாரிக் குடுத்தீங்க, எனக்கு வந்ததும் கை சுருங்குது. ரெண்டு லாரி கன்னு ஏத்தினா போதும், கண்ணு எப்படியெல்லாம் வேலை செய்யுது பாருங்க.” போய்விட்டாள். அக்கா அன்றைக்குத் தட்டை வைத்த சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டது.

பிறகு அவர் தெருக்கோடிப் பக்கம் போவதையே விட்டார். பஸ்ஸுக்குக் குப்பைத்தொட்டிச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு போனார். காற்று எதிர்த்திசையில்தானே அடிக்கிறது என்று தனக்கே சொல்லிக்கொண்டார். நர்சரிக்காரம்மாதான் இலை வாங்கவில்லையே என்றும் சொல்லிக்கொண்டார். நிலையத்தில் மற்றவர்களை மறுபடி குளிக்க அனுப்புவதை நிறுத்திவிட்டார். அவருக்கு வயசாகிவிட்டது என்று அங்கே பேசிக்கொண்டார்கள்.

அந்தச் சந்தில் குழாய் பதிக்கத் தோண்டிப்போட்டு வழியை அடைத்ததால்தான் ஒரு காலையில் நர்சரி வழியாகப் போக வேண்டிவந்தது. தலையைக் குனிந்துகொண்டுதான் போனார். ஆனாலும் கண் வேலியைத் தேடியது. அங்கே கொடி பொசுங்கிக் கிடந்தது. நடுவில் காய்ந்துபோன ஓர் இலை, இன்னோர் இலையோடு, சீரான ஓட்டுத்தையலில்.

ஆக, பூதக்கண்ணாடி கொடுக்கவில்லை என்ற ரோஷத்தில் அவள் நேராகத் தையல்காரரிடம் போயிருக்கிறாள். கொடுக்காமல் இருந்ததே கொடுத்ததாக ஆகிவிட்டது.

உள்ளே போனார். நர்சரிக்காரம்மா ஹோஸ் பிடித்துக்கொண்டிருந்தாள். முதல் வரிசையில் ஒரு கொழுந்தைத் திருப்பிப் பார்த்தார். லென்ஸ் தேவைப்படவில்லை. விரலில் பழுப்பாக ஒட்டியது.

“தண்ணியை நிறுத்துங்க.”

“ஏன், அதுக்கும் வீரியம் போயிடுச்சா?”

“நிறுத்துங்கம்மா. ஈரம் பட்டா பரவும்.”

அவர் குரலில் என்னவோ இருந்தது, குழாயை மூடினாள். அவர் சொன்னார். மூக்குக்கண்ணாடிக் கூட்டை, மூன்று இலையை, லென்ஸுக்கு அடியில் வெடித்த கொப்புளத்தை, அன்றைக்கு வாசலில் சொன்ன பொய்யை. ஒன்றையும் அழகுபடுத்தவில்லை, அழகுபடுத்தத் தெம்பில்லை.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“இப்ப என்ன பண்ணணும்?”

“கொழுந்து அத்தனையும் கிள்ளிப் பையில கட்டி எரிக்கணும்.”

“கொழுந்துலதானே பூ வரும்.”

“ஆமா.”

“அப்ப இந்தப் பருவம் எனக்கு இல்ல.” ஹோஸைச் சுருட்டி ஆணியில் மாட்டினாள். மாட்டியதை மறுபடி எடுத்து, இன்னும் ஒழுங்காகச் சுருட்டி மாட்டினாள். “ஆபீஸுக்குத் தெரியுமா?”

“தெரியாது. தெரிஞ்சா வேலை போயிடும்.”

சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். உள்ளுக்குள் ஒரு கெட்ட ஆசை: சரி விடுங்க தம்பி, நமக்குள்ள இருக்கட்டும் என்று அவள் சொல்லிவிட மாட்டாளா? கிள்ளித் தருகிறேன், எரித்துத் தருகிறேன், வருஷம் பூராவும் வந்து தண்ணீர் ஊற்றுகிறேன் என்று மனசுக்குள் பேரம் பேசினார்.

“தம்பி, நான் ரெண்டு வாரமா கன்னு ஏத்தி அனுப்பிக்கிட்டிருக்கேன். எத்தனை ஊர்ல இறங்கியிருக்குன்னு தெரியுமா?”

பூதக்கண்ணாடி அங்கிருந்த சிமெண்டுத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

“எங்கெங்க போச்சுன்னு உங்க மேடம்கிட்ட நான் சொல்றேன். ஏன் போச்சுன்னு நீங்க சொல்லுங்க. இன்னிக்கே போவோம்.”

“நானே போய்ச் சொல்லிடறேன். நீங்க எதுக்கு அலையணும்…”

“போவீங்க. பஸ் பாதி தூரம் போறதுக்குள்ள நல்லதா ஒரு காரணம் கிடைச்சிடும் உங்களுக்கு. அன்னிக்கு வாசல்ல கிடைச்ச மாதிரி.”

ஒரு சாக்கை அவரிடம் நீட்டினாள். முதல் வரிசையை முடித்துவிட்டுக் கிளம்பலாம் என்றாள். இருவரும் ஆளுக்கொரு பக்கமாகக் கிள்ள ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு கொழுந்தின் நுனியிலும் அரிசி மணி அளவுக்கு மொட்டு. துரு பிடித்ததும் பிடிக்காததும் சேர்ந்தே சாக்குக்குள் விழுந்தன.

வாக்கிங் போய்விட்டுத் திரும்பிய கணக்கு வாத்தியார் வேலியோரம் நின்றார். அவர் நிற்காமல் போனால்தான் அதிசயம்.

“என்ன, ரெண்டு பேரும் ராசியாயிட்டீங்களா? நல்லா இருக்கிற செடியை எதுக்குய்யா கிள்றீங்க?”

நர்சரிக்காரம்மா தலையைத் தூக்கவில்லை. “தம்பி சொல்லுவாரு, கேளுங்க சார்.”

வாத்தியாரிடம் சொன்னால் மத்தியானத்துக்குள் தெரு முழுக்கத் தெரியும். அக்காவுக்கும் தெரியும். அது நர்சரிக்காரம்மாவுக்கும் தெரியும்.

பூதக்கண்ணாடி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். துடைத்ததையே துடைத்தார். பிறகு போட்டுக்கொண்டு வேலியோரம் நடந்தார்.

“உள்ள வராதீங்க சார்” என்றார். “செருப்புல ஒட்டிக்கும். அங்கயே நில்லுங்க, சொல்றேன்.”