வள்ளியம்மாவின் ஆமைப்பூட்டு

பத்மாசனி டீச்சர் அன்றைக்குக் கதிரை நுனியில் ஒட்டிக்கொண்டு இருந்த இருப்பைக் கண்டவர்கள், பாவம், மனுசிக்குக் கூட்டத்தைக் கண்டால் வெட்கம் என்றுதான் நினைத்தார்கள். வெட்கமாவது மண்ணாங்கட்டியாவது! ஒரு வகுப்பு முழுவதையும் ஒற்றை அதட்டலில் அடக்குகிற தொண்டை அவளுடையது. அவள் அப்படி இருந்த காரணம் இரண்டாவது வாங்கில் இருந்தது. அடுத்த வீட்டுக் கதிரவேல் வந்திருந்தான். பக்கத்தில் அவன் மனைவி வள்ளியம்மா, கூறைக்கு அடுத்தபடியாக வைத்திருந்த நல்ல சேலையை உடுத்துக்கொண்டு.

பள்ளிக்கூடத்தைப் பட்டாளம் எடுத்துக்கொண்டதால் கூட்டம் ஜமால்தீன் முதலாளியின் நெல்லுக் கிட்டங்கியில் நடந்தது. யுத்தத்தில் நெல்லுக்குத்தானே பஞ்சம், கிட்டங்கி வெறுமையாய்க் கிடந்தது. இரவில் வெளிச்சம் காட்டக்கூடாது என்ற சட்டத்தால், ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு செரிக்க முன்பே சனம் வந்து நிரம்பிவிட்டது. ‘நாவல் எழுதியவர்கள் இருவர், தங்கள் கதைப் பெண்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று பேசுவார்கள்’ என்று ஒரு மட்டையில் எழுதி வாசலில் தொங்கவிட்டிருந்தார் முதலாளி. இருவருடைய புத்தகங்களையும் யுத்தத்துக்கு முன்னே வாங்கி வைத்த கடதாசியில் அச்சடித்துக் கொடுத்தவரும் அவரேதான். நல்ல மனிதர். வாசித்து அழுவதற்கென்றே பிறந்தவர்.

முதலில் தபாற்கந்தோர் வல்லிபுரத்தார் பேசினார். அவருடைய நாவலில் வருகிற பெண் கோபம் வந்தால் குசினியில் சட்டி பானை ஒன்றும் மிச்சம் வைக்கமாட்டாள். ஆனால் மனம் தங்கம்.

“அந்தப் பெண் முழுக்க முழுக்க என்ர கற்பனை. கடற்கரையில உலாத்தேக்க மனக்கண்ணில தோன்றினவள்” என்றார் அவர்.

“மனக்கண்ணோ?” என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. அவருடைய மனைவி இராசமலர்தான். “போன வருசம் நான் புட்டுப்பானையைப் போட்டு உடைக்கேக்க எந்தக் கண்ணால பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்?”

கிட்டங்கி முழுவதும் சிரித்தது. வல்லிபுரத்தாரும் சிரித்தார். இராசமலருக்கு முகமெல்லாம் பூரிப்பு. கொடுத்து வைத்த மனிதர் என்று நினைத்தாள் பத்மாசனி. அவர் எடுத்தது சொந்த வீட்டுப் பானையை. தான் எடுத்ததோ அடுத்த வீட்டுச் சாவை.

நடந்தது இதுதான். நாற்பத்திரண்டாம் ஆண்டு, வருசப்பிறப்புக்குச் சில நாள் இருக்கும்போது யப்பான்காரன் துறைமுகத்தில் குண்டு போட்டான் அல்லவா, அந்தக் காலை கதிரவேல் கப்பல் திருத்துகிற டொக்யாட்டில் வேலையில் நின்றான். வீட்டில் வள்ளியம்மாவும், ஒருபக்கம் வழங்காமல் பாயோடு கிடந்த அவனுடைய தாயும். முதற் சத்தத்தோடு தெருவே எழும்பி ஓடியது. யாரையாவது கூட்டி வந்து மாமியைத் தூக்குவோம் என்றுதான் வள்ளியம்மாவும் ஓடினாள். ஆனால் கையின் பழக்கம் விடவில்லை. மாமியைத் தனியே விட்டுச் சந்தைக்குப் போகிற நாட்களில் கள்ளர் பயத்துக்குச் செய்வதுபோலவே, கதவை இழுத்துச் சாத்தி, ஆமைப்பூட்டைக் கொளுவி, திறப்பை முந்தானையில் முடிந்துகொண்டு ஓடிவிட்டாள். ஓடிய சனம் அவளையும் அள்ளிக்கொண்டு போய்த் தோணியில் ஏற்றி, குடாவுக்கு அந்தப் பக்கம் மூதூரில் இறக்கிவிட்டது.

திரும்பிவரத் தோணி கிடைக்க நாட்கள் ஆயின. அதற்குள் காவற்படைக்காரர் வீடு வீடாய்ப் பார்த்து, நடக்கமாட்டாமல் கிடந்தவர்களையெல்லாம் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். பூட்டுத் தொங்கிய வீட்டில் ஆளிருக்காது என்று அதை மட்டும் விட்டுவிட்டார்கள். வள்ளியம்மா கதவைத் திறந்தபோது மாமி பாயோடு நிலத்தில் இழுபட்டு அரைந்து அரைந்து வாசற்படி வரைக்கும் வந்து கிடந்தாள். உயிர் இல்லை. பூட்டைக் கிணற்றுக்குள் எறிந்தாள் வள்ளியம்மா. குண்டு விழுந்ததிலிருந்து வீட்டுக்குப் போகவிடாமல் மறித்து வைத்திருந்த டொக்யாட்டிலிருந்து அன்று பின்னேரம் விட்டு வந்த கதிரவேலிடம், கதவைத் திறந்து வைத்துவிட்டுத்தான் போனேன் என்றாள். அவன் பூட்டைத் தேடியபோது, கொள்ளையடித்தவர்கள் கொண்டுபோயிருப்பார்கள் என்றாள். தாயென்றால் உயிரை விடுகிற மனிதன், தலையில் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். மனைவி சொன்னதை நம்பினான்.

செத்தவீட்டுக்குப் பிறகு, இன்னும் குண்டு விழும் என்ற பயத்தில், அவன் அவளை மூதூர்ப் பக்கத்துக் கட்டைபறிச்சானுக்கு அனுப்பினான். அங்கே பத்மாசனி தன் நோயாளித் தாயோடு ஓர் ஓலைக் கொட்டிலில் இருந்தாள். குண்டு விழுந்த அன்று அந்தத் தாயை முதுகில் சுமந்துகொண்டு இறங்குதுறைக்கு ஓடியவள் அவள். தன் வாழ்நாளில் செய்த நல்ல காரியம் என்று அவள் நெஞ்சில் கை வைத்துச் சொல்லக்கூடியது அது ஒன்றுதான். அதைக் கேள்விப்பட்டுத்தான் வள்ளியம்மா ஒருநாள் வாய்க்காலடியில் அவளுடைய காலைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினாள்.

“கோணேசர் மேல ஆணை, ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்” என்று தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணினாள் பத்மாசனி.

சொல்லவில்லைத்தான். எழுதினாள். ஊரைக் கொழும்பு ஆக்கினாள். மாமியைத் தாய் ஆக்கினாள். பூட்டைக் கிணற்றில் போடாமல் கடலில் போட்டாள். வள்ளியம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது, கதிரவேலுக்கு ஞாயிறும் வேலை, என்ன வந்துவிடப் போகிறது என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். அந்தப் பாயை மாற்ற மட்டும் மனம் வரவில்லை. அத்தியாயத்துக்கு உயிரே பாய்தான். எழுதுகிறவர்களின் பேராசையைப் பார்த்தீர்களா! மனச்சாட்சி உறுத்தத்தான் செய்தது. உறுத்த உறுத்தத்தான் எழுதி முடித்தாள்.

ஜமால்தீன் முதலாளி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எழும்பினார்.

“நம்மட டீச்சர்ர புத்தகத்தில பதினோராம் அத்தியாயத்தை எத்தனை தரம் வாசிச்சாலும் எனக்குக் கண்ணால தண்ணி வருது. முதல்ல அதை வாசிக்கிறன். பிறகு டீச்சர் சொல்லட்டும், அந்தப் பொம்பிளை எங்கயிருந்து வந்தா எண்டு.”

பத்மாசனி அவசரமாய்க் குறுக்கிட்டாள். “வேண்டாம் முதலாளி. நேரம் போட்டுது. முதலாம் அத்தியாயத்தை வாசியுங்கோவன், அது வடிவாயிருக்கும்.”

“அதையே வாசியுங்கோ முதலாளி!” என்றான் கதிரவேல் இரண்டாவது வாங்கிலிருந்து. “டீச்சர்ர கதையைக் கேக்கவேணும் எண்டு இவள் என்னை நச்சரிச்சு, லீவு போடவைச்செல்லோ கூட்டிக்கொண்டு வந்தவள்.”

வள்ளியம்மா தலையைக் குனிந்துகொண்டாள். ஐயோ, அடுத்த வீட்டுக்காரி புத்தகம் எழுதினாள் என்ற பெருமையில் புருசனையும் இழுத்துக்கொண்டு வந்து, தன் கழுத்துக்குத் தானே கயிறு கொண்டு வந்திருக்கிறாளே என்று நினைத்தாள் பத்மாசனி. அவளுக்கு வீடு வாசல் என்று இருப்பது இந்தப் புருசன் ஒருவன்தான். இவன் துரத்தினால் அவள் எங்கே போவாள்?

முதலாளி வாசிக்கத் தொடங்கினார். சீனன்குடாப் பக்கமிருந்து ஒரு விமானம் கூரைக்கு மேலால் இரைந்து போனது. அது போகாமல் அங்கேயே நிற்கக்கூடாதா என்று வேண்டினாள் பத்மாசனி. அது போய்விட்டது. சனம் ஓடிய ஓட்டத்தை வாசித்தார். பிறகு பாய் வந்தது. கிழவி பாயோடு அரைந்து வாசற்படிக்கு வந்து கிடந்த இடத்தை அவர் தழுதழுத்துக்கொண்டு வாசித்தபோது கதிரவேல் சட்டென்று நிமிர்ந்தான்.

“‘அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்துத் திறப்பை எடுத்தாள். வெளியே தொங்கிய ஆமைப்பூட்டைத் திறந்தாள்...’”

கதிரவேலின் முகம் மெல்ல மெல்லத் திரும்பியது. மனைவியைப் பார்த்தான். வள்ளியம்மாவும் அவனைப் பார்த்தாள். அவள் கை வாங்கின் விளிம்பைப் பிடித்தது, உடம்பு முன்னுக்குச் சரிந்தது. மயங்கி விழப்போகிறாள் என்று நினைத்த பத்மாசனி கதிரை பின்னால் சரிய எழும்பினாள்.

“நிப்பாட்டுங்கோ முதலாளி! அது என்ர கதை.”

கிட்டங்கி திடுக்கிட்டு அவளைப் பார்த்தது.

“அந்தப் பொம்பிளை நான்தான். யப்பான்காரன் குண்டு போட்ட அண்டைக்கு என்ர அம்மாவை உள்ளுக்க வைச்சுப் பூட்டிப்போட்டு ஓடினது நான். பேந்து வந்துதான் கூட்டிக்கொண்டு போனனான். அந்தப் பயத்தில படுத்தவதான், பேந்து எழும்பாமலே கட்டைபறிச்சான்ல செத்துப்போனா.” சொல்லிக்கொண்டே கதிரவேலின் பக்கம் திரும்பினாள். “கதிரவேல் அண்ணை, நீங்கள் என்னை மன்னிக்கவேணும். உங்கட அம்மா பாயோட வாசலடியில கிடந்ததைக் கேள்விப்பட்டு, அதையும் கேக்காமல் எடுத்துச் சேத்துப்போட்டன். பாய் உங்கட வீட்டுப் பாய். பூட்டு என்ர.”

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். முதுகில் தாயின் பாரம் அப்போதும் தெரிந்தது. இறங்குதுறை வரைக்கும் மூச்சு வாங்க வாங்கச் சுமந்த பாரம். ‘அம்மா, என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கோ’ என்று உள்ளுக்குள் அழுதாள்.

அவள் எதிர்பார்த்தது ஏச்சை. வந்ததோ கைதட்டு. முதலாளிதான் முதலில் தட்டினார், கண்ணீர் தாடியில் வடிய வடிய. “இப்பிடி ஒரு உண்மையை எந்த எழுத்தாளர் சபையில சொல்லியிருக்கிறார்!” என்று அவர் சொன்னதும் கடைசி வாங்கு வரைக்கும் தட்டியது. கூட்டம் முடிவில் போட வைத்திருந்த மல்லிகை மாலையை இராசமலர் அப்போதே கொண்டுவந்து அவள் கழுத்தில் போட்டாள். மாலை குளிர்ந்தது. பத்மாசனிக்கு அதைப் பிய்த்தெறிய வேண்டும்போல இருந்தது, சிரித்துக்கொண்டு நின்றாள்.

கூட்டம் கலைந்தபோது கதிரவேல் கிட்ட வந்தான். அவன் கண்ணும் சிவந்திருந்தது.

“பாயைப் பற்றி நீங்கள் ஒண்டும் யோசியாதேங்கோ டீச்சர். முதல்ல எனக்கு நெஞ்சு திக்கெண்டதுதான். என்னென்னவோ கெட்ட நினைப்பெல்லாம் வந்திட்டுது, இவளைக்கூட ஒரு மாதிரிப் பாத்திட்டன். பயத்தில ஆருக்கும் புத்தி பேதலிக்கும். நாலு பேருக்கு முன்னால வாய் திறந்து சொன்னீங்கள் பாருங்கோ, அது பெரிசு. என்ர மனுசியே இப்பிடிச் செய்திருந்தாலும், அவள் தன்ர வாயால சொல்லியிருந்தா நான் பொறுத்திருப்பன்.”

சொல்லிவிட்டு டீச்சரின் புத்தகப் பொதியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு முன்னே நடந்தான். வள்ளியம்மா பின்தங்கினாள். பத்மாசனி அவளுடைய கையைப் பிடித்தாள்.

“வள்ளியம்மா, என்னை மன்னிச்சுக்கொள். நான் எழுதியிருக்கக்கூடாது. நல்லவேளை, ஒருமாதிரிச் சமாளிச்சுப்போட்டன்.”

“அந்தக் கதை எனக்கு முதலே தெரியும் டீச்சர்” என்றாள் வள்ளியம்மா. “முதலாளியின்ர மகள் நபீஸா போன மாசமே வாசிச்சுக் காட்டினவள்.”

பத்மாசனி பிடித்த கையை விட்டாள்.

“கேட்ட அண்டைக்கு வயிறு எரிஞ்சு மண் அள்ளித் திட்டினனான், உண்மையைச் சொல்லுறன். பேந்து யோசிச்சன். சோறு போடுற நேரமெல்லாம் இண்டைக்குச் சொல்லுவம், இண்டைக்குச் சொல்லுவம் எண்டு வாய் வரைக்கும் வரும். என்னால ஏலாது. அவர் கேட்டுப்போட்டு என்னைப் பாத்தாரெண்டா, நான் காலில விழுந்திடுவன் எண்டுதான் லீவு போடவைச்சுக் கூட்டிக்கொண்டு வந்தனான். அவர் பாத்தவர் டீச்சர். நான் எழும்பப் போனனான். அதுக்குள்ள நீங்கள் எழும்பீட்டீங்கள்.”

ஒரு பட்டாள லொறி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. வள்ளியம்மா முந்தானையால் முகத்துப் புழுதியைத் துடைத்துக்கொண்டாள்.

“பொறுத்திருப்பன் எண்டவர், கேட்டனீங்கள்தானே? அது எனக்கு வரவேண்டிய சொல்லு.”

“இப்ப போய்ச் சொல்லுவம். நானும் வாறன். நான் பொய் சொன்னனான் எண்டு சொல்லுறன்!”

“ஆர் நம்புறது? டீச்சரின்ர பழியை இவள் தன்ர தலையில போடுறாள் எண்டுதான் நினைப்பார். அவ்வளவு வடிவாய்ச் சொன்னீங்கள்.”

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மூவரும் தெருவால் வந்தார்கள். கதிரவேல் பொதியை டீச்சர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுத் தன் வீட்டுக் கதவடிக்குப் போனான். பழைய பூட்டுத் தொலைந்த பிறகு அந்த வீட்டுக்கு இன்னொன்று வாங்கவில்லை. வள்ளியம்மா வாங்க விடவில்லை. கயிற்றால் கட்டிவிட்டுத்தான் போவார்கள். அவன் குனிந்து முடிச்சை அவிழ்த்துக்கொண்டு நின்றான். பின்னால் நின்ற வள்ளியம்மாவின் வாய் ஒருதரம் திறந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் டீச்சர் மாலையோடு நிற்பதைக் கண்டதும் மூடிக்கொண்டது.

பத்மாசனி ஓடிப்போய்த் தன் கதவைச் சாத்திக்கொண்டாள். தான் அங்கே நிற்காவிட்டாலாவது அவள் சொல்லட்டும் என்று, கறுப்புச் சீலை கட்டிய யன்னலோடு காதை ஒட்ட வைத்துக்கொண்டு நின்றாள். ஓர் அழுகைச் சத்தம் கேட்காதா, ஓர் ஏச்சாவது கேட்காதா என்று அவள் ஏங்கினாள். அடுப்பு ஊதுகிற சத்தமும் அகப்பைச் சத்தமுந்தான் கேட்டன.

கொஞ்ச நேரத்தில் யாரோ கதவைத் தட்டினார்கள். கையில் மூடிய கோப்பையோடு வள்ளியம்மா நின்றாள்.

“சோறு” என்றாள். “டீச்சர் பாவம், யோசிச்சுக்கொண்டு பட்டினி கிடப்பா, குடுத்துப்போட்டு வா எண்டு அவர் சொன்னவர்.”