ஐந்து மணி நிழல்

அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு தையல் கம்பெனியில், முற்றத்துக்குத் தகரக் கூரை போட்ட மூன்றாம் நாளிலிருந்து, அங்கே தைக்கும் அர்வாவின் நிழல் வெயிலில் எப்படி விழுமோ அப்படியே கூடத்துக்குள்ளும் விழுந்தது. டியூப்லைட்டுகளை அது சட்டை செய்யவில்லை. காலையில் மேற்கே நீண்டது, உச்சியில் காலடியில் சுருங்கியது, பிறகு கிழக்கே வளர்ந்தது.

கூரை வந்ததே அந்த நிழலால்தான். அங்கே அறுபது பெண்கள். செல்போன், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். கூடத்துச் சுவர்க் கடிகாரம் சொல்வதுதான் மணி. மெஷின் இரைச்சலில் பள்ளிவாசல் பாங்கு கேட்காது என்பதால், அர்வா டீ இடைவேளையில் முற்றத்தில் நிற்பாள். பக்கத்து மெஷினில் தைக்கும் டார்லின், அர்வாவின் நிழலில் தலை விழும் இடத்தில் தையல் சாக்பீஸால் கோடு போடுவாள். அர்வா அதை அடிவைத்து அளந்து, பிற்பகல் அசர் தொழுகைக்கு நேரமாகிவிட்டதா என்று பார்ப்பாள். மார்ச்சில் ஒருநாள் கடிகாரம் மூன்றரை காட்டியது. நிழலோ நாலாகப் போகிறது என்றது. பத்து நாள் அளந்தாள். காலை டீயின்போது கடிகாரமும் நிழலும் ஒத்துப்போயின, சாப்பாட்டுக்குப் பிறகுதான் கடிகாரம் பிந்தியது. பெண்கள் சாப்பிடப் போகும் நேரத்தில் யாரோ முள்ளை இருபத்தைந்து நிமிடம் பின்னால் தள்ளுகிறார்கள். ஐந்து மணிக்கு வேலை முடிந்தும் கேட்டில் செல்போன் கைக்கு வரும்போது ஐந்தரை ஆகிவிடுவது அங்கே நடக்கும் சோதனையால் என்றல்லவா இத்தனை நாள் நம்பவைத்தார்கள்! அந்த நேரத்தில் டார்லினின் கைக்குழந்தை வீட்டில் பாலுக்கு அழுதது. இங்கே அவள் நனைந்த ஜாக்கெட்டைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு காலர் தைத்தாள். அர்வா நேரே மேலாளரிடம் போனாள்.

"கடியாரம் பொய் சொல்லுது சார்."

"நிழலப் பாத்து எனக்கு மணி சொல்லுதியோ? இனி நிழலே விழாது, பாரு" என்றார் அவர். மறுநாளே தகரம் வந்து இறங்கியது.

நிழல் உள்ளே வந்ததும் அவர் விளக்குகளை மாற்றினார், பிறகு அணைத்தே பார்த்தார். இருட்டிலும் அது கறுப்பாகத் தெரிந்தது. அர்வாவை ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டினார். நிழல் கதவிடுக்கு வழியாக வந்து மெஷின்களுக்கு நடுவே நீண்டு, சரியாக ஐந்து மணிக்கு வாசற்படியைத் தொட்டது. ஓடிக்கொண்டிருந்த அத்தனை மெஷினும் ஒரே நேரத்தில் நின்றன.

"உக்காருங்க! இன்னும் மணி ஆகல" என்று மேலாளர் கத்தினார்.

அறுபது பேரில் மூத்தவளான முத்துமாலை கத்தரியை மேசையில் வைத்தாள். "ஒம்ம கடியாரத்துக்குத்தான் ஆகல வே. எங்களுக்கு ஆயிட்டு. அந்தப் பிள்ளையத் திறந்து விடும்."

திறந்துவிட்டார். அன்று நேரத்தோடு கிளம்பியதில் விக்கிரமசிங்கபுரம் பஸ்ஸில் டார்லினுக்கு உட்கார இடம் கிடைத்தது.

இப்போது அந்தக் கடிகாரத்தை யாரும் பார்ப்பதில்லை. அர்வா லீவு போட்ட நாட்களிலும் நிழல் மட்டும் காலையில் வந்துவிடும். அதை மிதிக்காமல் சுற்றிப் போவதற்கு மேலாளரும் பழகிக்கொண்டார்.